மலையேறிய வீட்டு வண்டி

கல்முனை நகரின் நடுவே செல்லும் பிரதான வீதியில் நாள்தோறும் நடமாடும் நம்மவருள் எத்தனை பேர் அதன் மறுமுனை எங்கேயிருக்கின்றது என்று எண்ணிப் பார்த்திருப்பர்? மட்டக்களப்பிலே தொடங்கி, நம் சந்தைகளையும் பள்ளிவாசல்களையும் கோயில்களையும் ஒட்டித் தெற்கே ஓடி, பொத்துவிலில் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே திரும்பி, மொனராகலை, வெல்லவாய ஊடாக மலையேறி, இரத்தினபுரி வழியே கொழும்பைச் சென்றடையும் ஏ-4 நெடுஞ்சாலை அது. நீளம் நானூறு கிலோமீற்றருக்கும் அதிகம். காலையில் மீன் வண்டிகள் முட்டி மோதும் அதே தார்ப்பாதைதான் மாலையில் முகிலுக்குள்ளே புகுந்து தேயிலைச் செடிகளுக்கிடையே செல்கின்றது. இந்த எண்ணம் நெடுநாளாக எம் மனத்திலே கிடந்தது.

மலைநாட்டை நாம் முன்னர் காணாதவரல்லர். கல்லூரியில் கற்பிப்பவர்க்கு மாணவர் சுற்றுலா என்னும் கடமை ஒன்றுண்டு. மூன்று நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வோரிடத்திலும் அரை மணி நேரம். அதற்குள் படம் எடுத்தல், தேநீர் அருந்தல், காணாமற்போன இரு மாணவரைத் தேடிப் பிடித்தல். திரும்பி வந்து, “அந்த நீர்வீழ்ச்சியின் பெயர் என்ன?” என்று வினவினால், “எந்த நீர்வீழ்ச்சி சேர்?” என்று பதில் வரும். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. ஓடுகின்ற பேருந்தின் யன்னலில் எல்லா அருவியும் ஒரே அருவிதான். ஆகவே 2024 ஓகஸ்ட் விடுமுறையில், ஏழு நாளும் மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்குவது என்று குடும்பத்தோடு தீர்மானித்தோம்.

வண்டி கிடைத்தது சாய்ந்தமருதில். பல்லாண்டு லொறி ஓட்டி ஓய்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர், தம் பழைய வானின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில் இரண்டும், எரிவாயு அடுப்பொன்றும், தண்ணீர்ப் பீப்பாவொன்றும் பொருத்தி வைத்திருந்தார். இருவர் மூவர் உள்ளே உறங்கலாம். ஏனையோர்க்குக் கூரையிலிருந்து இழுத்துக் கட்டும் படங்கு உண்டு. ஜெர்மனியில் 1950களின் தொடக்கத்திலேயே வொக்ஸ்வேகன் வான்களுக்குள் கட்டிலும் அலுமாரியும் அமைத்து விற்றனர் என்று படித்திருக்கின்றோம். எம் புதல்வர் இதைக் ‘கேம்பர் வான்’ என்றனர். எழுபத்தாறு வயதான எம் அன்னையார் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, “இது வீட்டு வண்டி” என்று பெயரிட்டுவிட்டார். அப்பெயரே நிலைத்தது. வண்டிக்காரரை நாம் ‘காக்கா’ என்றே அழைத்தோம். அவர் எம்மைச் ‘சேர்’ என்பார். எம் அன்னையாரை ‘அம்மா’ என்பார்.

போகுமிடமெல்லாம் சமைத்துண்டு, இரவில் வழியிலே தங்கிச் செல்வது மேனாட்டார் கண்ட புதுமையென்று எவரும் கருதிவிடலாகாது. மோட்டார் வண்டியும் தார்ப்பாதையும் வருமுன் இக்கரையோரத்து முஸ்லிம் வணிகர் உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி, ஊவா மலைகளுக்குக் கொண்டு சென்றனர். திரும்புகையில் பாக்கு முதலியன கொணர்ந்தனர். அம்மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். மற்றொரு பக்கம், நம் கிழக்கிலங்கைச் சைவ மக்கள் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும்போது உகந்தையைத் தாண்டிக் காட்டினுள்ளே, ஆற்றங்கரைகளில் அடுப்பு மூட்டி உண்டு உறங்கிச் செல்வது இன்றும் நடப்பது. எம் அன்னையார் இளமையில் இருமுறை அவ்வாறு நடந்தவர். ஆதலால் வண்டிப் பிரயாணத்தின் நுணுக்கங்களை அவரே எமக்குப் போதித்தார்: அரிசியைக் கழுவிய நீரை வீசாதே, அதிற் பாத்திரம் கழுவு, பொழுது சாயுமுன் தங்குமிடம் பார், விறகுக்கு அலையாதே என்பது மட்டும் எரிவாயுவினாற் பயனற்றுப் போயிற்று.

தவளம் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதைப் புறப்பட்ட அன்றே மூக்கினால் அறிந்தோம். காக்கா, கட்டிலின் கீழே இரண்டு பொதி கருவாடு ஏற்றியிருந்தார். அப்புத்தளையில் தேநீர்க் கடை நடத்தும் பழைய நண்பருக்காம். “மணக்காது சேர், நல்லாக் கட்டியிருக்கு” என்றார். மணக்கவில்லை என்று எவராலும் கூற இயலாது. எனினும் மூன்றாம் நாள் அது எமக்குப் பழகிப் போயிற்று. ஏழாம் நாள் அது இல்லாதது ஒரு குறையாகத் தோன்றிற்று.

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் யாவும் வாசகர் அறிந்த ஊர்கள், விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொத்துவிலைக் கடந்து லகுகலைக் குளத்தருகே யானைகள் புல் மேய்ந்து நின்றன. அவ்வழியில் இருட்டிய பின் வண்டியோட்டுதல் ஆகாதென்று காக்கா பிடிவாதமாயிருந்தார். அன்றிரவு மொனராகலையில் நண்பர் ஒருவரின் முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். காக்கா தொழுதுவிட்டு வந்து தேங்காய் துருவினார். எம் மனைவியார் சொதி வைத்தார். இறைச்சி சமைப்பதில்லை, மீனும் மரக்கறியுமே என்பது புறப்படுமுன்னரே இரு தரப்பாரும் செய்துகொண்ட உடன்படிக்கை. ஓரடுப்பில் இரு சமயத்தார் சமைப்பதற்கு இதனினும் எளிய வழியொன்றை நாம் கண்டிலோம்.

வெல்லவாயவிற்குப் பின் பாதை ஏறத் தொடங்குகின்றது. தியலும நீர்வீழ்ச்சி இருநூற்றிருபது மீற்றர் உயரத்திலிருந்து வீதியோரத்துக்கே தெரியும்படி விழுகின்றது. அங்கே அரை மணியன்று, அரை நாள் இருந்தோம். கோடையாதலின் நீர் மெலிந்து, பாறையின் பாதியிலேயே காற்றிற் சிதறிப் புகையாயிற்று. எம் இளைய புதல்வன் அதைப் படம் வரைந்தான். நீர் தரையைத் தொடுவதாக அவன் வரையவில்லை. கண்டதைக் கண்டவாறே வரைந்தமைக்காக மகிழ்ந்தோம்.

அப்பால் கொஸ்லந்தை. இவ்வூரைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலையின் ஒரு பகுதி சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியதை மாணவர் படித்திருப்பர். நாட்கணக்காகப் பெய்யும் மழை மண்ணுக்குள்ளே இறங்குகின்றது. பாறைக்கும் மண்ணுக்குமிடையே நீர் தேங்கி அழுத்துகின்றது. ஒரு கட்டத்தில் சரிவிலுள்ள மண் தன் பாரத்தைத் தானே தாங்காது நழுவுகின்றது. நிலத்தில் வெடிப்புக் காணுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன முன்னறிகுறிகள். மீரியபெத்தை ஆபத்தான இடமென்பது அழிவு நேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கூறப்பட்டிருந்தது. தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் தங்கவைக்கப்பட்டு, அதன் பின்னரே புதிய வீடுகளைப் பெற்றனர்.

வீதியோரத்தில் ஒரு மூதாட்டி வெண்ணெய்ப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். பேச்சிலே தமிழ்நாட்டுச் சாயல். “எந்த ஊருங்க?” என்று வினவினார். கல்முனைப் பக்கம் என்று காக்கா கூறியதும், “கடல் ஏறுன ஊரா?” என்று கேட்டார். ஆம் என்றார் காக்கா. சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் காக்கா மெல்ல, “இங்கதானே அம்மா மலை இறங்கினது?” என்றார். மூதாட்டி பழக்கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு, கையை நீட்டி மேலே ஒரு சரிவைக் காட்டினார். அக்காளின் குடும்பம் அங்கேயென்றார். அன்று காலையில் தாம் வேலைக்குச் சென்றுவிட்டதனால் எஞ்சியதாகவும் கூறினார்.

காக்கா சாய்ந்தமருதில் கடலோரத்தில் குடியிருந்தவர். 2004 டிசெம்பர் 26 அன்று லொறியோடு தம்புள்ளையில் நின்றார். அவருடைய உம்மாவும் இளைய தங்கையும் வீட்டிலிருந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாள் அது. இருபது ஆண்டுகளாக ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தும், இதை அவர் வாய்விட்டுக் கூற நாம் கேட்டதில்லை. அன்று, முன்பின் அறியாத ஒருவரிடம், வீதியோரக் கல்லொன்றில் அமர்ந்து கூறினார்.

“எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் இருந்திச்சி. சுமாத்திராவில நிலம் நடுங்கினது ஊருக்குத் தெரியா. சொல்ல ஆளில்ல. உங்களுக்குச் சொன்னாங்களாமே?”

“சொன்னாங்க ஐயா. போறதுக்கு எடம் எங்க? லயத்த விட்டா எங்களுக்கு மண்ணு இல்லீங்களே.”

இதற்கு மேல் அவர்கள் ஏதும் பேசவில்லை. 1823 முதல் தமிழகத்திலிருந்து வந்து, காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் வளர்த்து, 1948 சட்டத்தினாற் குடியுரிமை இழந்து, அதை முற்றாக மீளப் பெற 2003 வரை காத்திருந்த மக்களின் வரலாற்றை வகுப்பறையிலே பலமுறை விளக்கியிருக்கின்றோம். அம்மூதாட்டி ஒரே வாக்கியத்தில் விளக்கினார். எச்சரிக்கை என்பது ஓர் ஒலிபெருக்கியும் ஒரு கடிதமும் மட்டுமன்று. எழுந்து செல்ல ஒரு துண்டு நிலமும் அதன் பகுதி. அதில்லாதவனிடம் ஆபத்தை அறிவிப்பது எவ்வகையில் உதவி?

காக்கா பொதியை அவிழ்த்து நெய்த்தோலிக் கருவாடு இரு கை அள்ளிக் கொடுத்தார். மூதாட்டி விடவில்லை, ஒன்பது வெண்ணெய்ப் பழங்களை எம் அன்னையாரின் மடியிலே போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். தம் பேரனின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கல்முனையில் கடைகளில் வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

பேரகலையில் வீதி பிரிகின்றது. வடக்கே ஏறினால் அப்புத்தளை. நகரம் மலையின் முதுகெலும்பின் மேல் அமர்ந்திருக்கின்றது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கமும் பள்ளத்தாக்கு. காலையில் முகில் தெற்கேயிருந்து ஏறி வந்து கடை வாசல்களுக்குள் நுழைகின்றது. மூன்றிரவு தங்கினோம். வெள்ளிக்கிழமை காக்கா நகரப் பள்ளிவாசலுக்குச் செல்ல, எம் அன்னையார் கோயிலுக்குச் சென்றார். லிப்டன் 1890இல் அமைத்த தம்பத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையையும், தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகையையும் கண்டோம். மாளிகை அழகியது, ஆயினும் அதைக் காண வருவோர் அதற்குக் கீழேயுள்ள லயன்களைக் காணாமலே திரும்புவது வியப்பளிக்கின்றது.

தெளிந்த ஒரு காலையில், தெற்கே வெகு தொலைவில், சமவெளிக்கப்பால் கடல் வெள்ளிக் கம்பிபோல் மின்னிற்று. பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். காக்கா கண்களுக்கு மேலே கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். “இது அம்பாந்தோட்டப் பக்கம் சேர், எங்கட கடலில்ல” என்றார். தேநீர்க் கடை நண்பர் கருவாட்டை நிறுத்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு உருளைக்கிழங்கும் லீக்சும் ஏற்றினார். அவர்கள் பணத்தை எண்ணியதாகத் தெரியவில்லை.

பண்டாரவளை, வெலிமடை, ஹக்கல, நுவரெலியா என்று மீதி நாட்கள் கழிந்தன. நுவரெலியாவில் வாகன நெரிசல் கல்முனைச் சந்தியைத் தோற்கடித்தது. வெலிமடைப் பள்ளத்தாக்கோ வேறு. நெல்வயலும் மரக்கறித் தோட்டமும் படிப்படியாய் இறங்கும் அவ்விடத்திலே ஒரு நாள் முழுவதும் நிறுத்தி, எம் அன்னையார் வெயிலில் அமர்ந்து லீக்ஸ் ஆய்ந்தார். கேட்டால், பிரயாணத்தில் தமக்குப் பிடித்த இடம் அதுவேயென்பார்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் மீண்டும் இறங்கின. நம் பகுதியிலும் வெள்ளம். வானொலியில் இடங்களின் பெயர்களை வாசிக்க வாசிக்க, அவை எமக்கு வெறும் பெயர்களாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றிலும் நாம் அடுப்பு மூட்டியிருந்தோம். காக்கா மூதாட்டியின் பேரனுடைய எண்ணை நாளுக்குப் பத்துமுறை அழைத்தார். நான்காம் நாள் இரவு பதில் வந்தது. பாட்டியை முன்னரே உறவினர் வீட்டுக்குக் கொண்டு சென்றுவிட்டதாகப் பேரன் கூறினான். இம்முறை அவர்களுக்குப் போக ஓரிடம் இருந்திருக்கின்றது.

பாதை திறந்ததென்று அறிந்ததும் காக்கா வானிலிருந்து கட்டில்களைக் கழற்றினார். எம் மாணவர் சிலரும் சாய்ந்தமருது இளைஞரும் அரிசி, பருப்பு, பால்மா, போர்வை முதலியவற்றைக் கொணர்ந்து அடுக்கினர். இடம் போதவில்லை, அடுப்பையும் இறக்கினோம். கருவாட்டுப் பொதியை மட்டும் முன்னிருக்கையில் தம்மருகே வைத்துக்கொண்டு, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவர் வண்டியை மேற்கே செலுத்தினார்.