மழை வாரத்துக்கு நாலாயிரம்

"வன்கொடுமை வழக்கு நாலு நிலுவையில கிடக்கு. நீங்க எக்ஸு ஒய்யி சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்களா தோழர்?" என்று ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான். அன்றைக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆறு முதல் பத்து வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். தமிழும் சமூக அறிவியலும் எப்படியோ ஓடிவிடும். கணக்கில்தான் வண்டி நிற்கும். அதிலும் எண்களுக்கு நடுவே எழுத்து வரும் இடத்தில் அப்படியே நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் பள்ளியில் சொன்னார்களாம்: "உங்க காலனிப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராதும்மா, தமிழ்ல மார்க் எடுக்கப் பாரு." அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொன்னாள். எங்களுக்கு அதுதான் தாங்கவில்லை.

வகுப்பில் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டாள். பள்ளியில் ஒருமுறைகூட அவளைக் கூப்பிட்டதில்லையாம். எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டதும், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்க மற்றப் பிள்ளைகள் பாய்ந்து ஓடிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். தீட்டைப் பற்றிய கதையாகவே சொல்லியிருக்கிறோம். அது ஒரு பையன் கணக்குப் போட எழுந்து போன கதையும்தான் என்பது இந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் நாங்கள் மூவருமே தேறியவர்கள்தான். 'இந்தப் பக்கம் கூட்டல் என்றால் அந்தப் பக்கம் போனால் கழித்தல்' என்று ஒப்பித்துத் தேறியவர்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஏன் சார் மாறுது? கோட்டைத் தாண்டினா குறி ஏன் மாறணும்?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. முதுகலையில் சமூகவியல் படித்து, விதிகளைக் கேள்வி கேட்பதையே பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள், இந்த ஒரு விதியை மட்டும் முப்பது வயதுவரை கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறோம்.

அப்புறம் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நாங்களே படிக்க ஆரம்பித்தோம். கோட்டைத் தாண்டி எதுவும் எங்கேயும் போவதில்லை. சமன்பாடு என்பது தராசு. எக்ஸ் + 5 = 12 என்றால் இரண்டு தட்டும் ஒரே எடை. இடது தட்டிலிருந்து 5 எடுத்தால் வலது தட்டிலிருந்தும் 5 எடுக்க வேண்டும். எக்ஸ் தனியாக நிற்கும், அந்தப் பக்கம் 7 நிற்கும். 'இடம் மாறிக் குறி மாறியது' என்று நாம் சொல்வது இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்ததன் சுருக்கம் மட்டுமே. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் வரும் 'அல் ஜபர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. குறைந்ததை ஈடுகட்டி நிரப்புவது என்று பொருள். உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல்தான். அவர் எக்ஸ், ஒய் எதுவும் போடாமல் முழுக்க வார்த்தைகளிலேயே எழுதினார். இதைச் சொன்னபோது, "அப்ப எக்ஸு இல்லாமலே கணக்கு இருந்துச்சா!" என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்கும்தான்.

தராசு புரிந்தும் அந்தப் பிள்ளை ஓர் இடத்தில் தொடர்ந்து தடுக்கினாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் போச்சு. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்பதை அவள் கேட்டதே இல்லை என்றாள். எப்படிக் கேட்காமல் இருந்திருப்பாள் என்று பின்னோக்கிப் போனோம். ஆறாம் வகுப்பில் முழுக்கள் என்ற பாடம், அதாவது குறை எண்கள் முதன்முதலில் வரும் இடம், மூன்றாம் பருவத்தில் இருக்கிறது. மூன்றாம் பருவம் ஜனவரியில்தான் தொடங்கும். பொங்கல் கழிந்ததும் அவள் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விடும். ஆனியில்தான் திரும்பும். அதற்குள் அடுத்த வகுப்பு தொடங்கியிருக்கும். அந்த ஆண்டு அவள் சூளையில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

'இடைநிற்றல்' என்ற சொல்லைப் படிக்கிற காலத்தில் எத்தனை பக்கம் எழுதியிருப்போம்! இவள் இடைநிற்றல் கணக்கிலேயே வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, தேர்ச்சியும் போட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பலகைக்கு முன்னால் 'கணக்கு வராது' என்று எழுதப்படுவது ஆறாம் வகுப்பில் போன ஒரு பருவம்தான். அது சாதியின் மூளை என்று படிக்கப்படுகிறது.

சரி, குறை எண்ணை எப்படிச் சொல்வது? புத்தகத்தில் வெப்பநிலையும் கடல் மட்டமும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே வெப்பநிலை என்றால் ஃப்ரிட்ஜ் விளம்பரம்தான். ஆனால் கடன் தெரியும். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இந்த விதிகளை எழுதியபோதும் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ரிணம், அதாவது கடன், என்றும்தான் சொன்னார். (யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று கதவு போட்டிருந்த மொழியில் எழுதினார் என்பது வேறு பேச்சு. கடன் என்னவோ கதவுக்கு இந்தப் பக்கம்தான் அதிகம்.)

இப்படிச் சொன்னோம். மேஸ்திரியின் நோட்டில் உங்கள் பெயரில் 200 ரூபாய்க் கடன் மூன்று முறை தப்பாக எழுதியிருக்கிறது. கடன் என்பதால் ஒவ்வொன்றும் −200. அந்த மூன்றையும் அடித்துவிட்டால் உங்களுக்கு லாபமா நட்டமா? "லாபம்!" எவ்வளவு? "அறுநூறு!" அடிப்பது என்பது எடுத்துவிடுவது, அதனால் −3. −3 × −200 = 600. இது முழு நிரூபணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் 'கழித்தலும் கழித்தலும் கூட்டல், மனப்பாடம் பண்ணு' என்பதைவிட மேல். ஏன் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

நோட்டு என்று சொன்னதும் அந்தப் பிள்ளை, "எங்க அம்மாகிட்ட நெஜமாவே ஒரு சீட்டு இருக்கு" என்றாள். மறுநாள் கொண்டுவந்தாள். மேஸ்திரி கணக்கு முடித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு. பாக்கி 12,000 என்று மட்டும் இருந்தது. அவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் ஆறு மாதமாகச் சண்டை. போட்டுப் பார்க்கலாம் என்றோம்.

படித்துக் காட்ட வசதியாக எண்களைக் கொஞ்சம் உருட்டித் தருகிறோம். முன்பணம் 36,000. ஆயிரம் கல்லுக்குக் கூலி 800. அப்பாவும் அம்மாவும் வாரத்துக்கு ஐயாயிரம் கல் அறுத்தார்கள், ஆகக் கூலி 4,000. அதில் வாரச் செலவுக்கு 2,500 கையில் கொடுத்துவிட்டு, மீதி 1,500ஐ முன்பணத்தில் கழிப்பார்கள். மழை பெய்தால் கல் அறுக்க முடியாது, கூலி கிடையாது. ஆனால் சாப்பிட வேண்டும், அதனால் அந்த 2,500 கடனாக ஏறும். மொத்தம் 24 வாரம்.

மழை எத்தனை வாரம் என்பதற்கு ஒரு எழுத்து வைக்கச் சொன்னோம். 'ம' வைத்தாள். பக்கத்திலிருந்த பையன், "ம என்றால் மழை" என்றான். இங்கே நாங்கள் கொஞ்சம் நின்றோம். ம என்பது மழை அல்ல, மழை பெய்த வாரங்களின் எண்ணிக்கை. ஒன்றாக இருக்கலாம், ஐந்தாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். எழுத்து ஒரு பொருளின் பெயர் என்று நினைத்துவிட்டால் பிறகு எல்லாமே குழம்பும். 3ம + 2வ = 5மவ என்று எழுதுவதெல்லாம் அங்கிருந்து வருவதுதான். எண்ணிக்கை என்று பிடித்துக்கொண்டால், மழை வாரத்தையும் வேலை வாரத்தையும் ஒரே எழுத்தில் சேர்க்க முடியாது என்பது தானாகவே புரியும். ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டலாம் என்ற விதி அவ்வளவுதான்.

வேலை நடந்த வாரங்கள் 24 − ம. ஆகக் கடைசியில் நிற்கும் கடன்:

36,000 − 1,500(24 − ம) + 2,500ம

அடைப்புக்குறியை உடைக்கும்போது அவள் 36,000 − 36,000 − 1,500ம + 2,500ம என்று எழுதினாள். விடை 1,000ம. மூன்று வாரம் மழை, ஆகக் கடன் 3,000 மட்டுமே. "பாத்தீங்களா, ஏமாத்திட்டான்!" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதை அணைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அடித்த கடனை ஞாபகப்படுத்தினோம். −1,500ஐ −ம ஆல் பெருக்கினால்? சற்று நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே எழுந்து பலகைக்குப் போய், கழித்தலைக் கூட்டலாக்கினாள். 1,500ம + 2,500ம. 4,000ம. மூன்று வாரத்துக்கு 12,000.

மேஸ்திரியின் கூட்டல் சரியாகவே இருந்தது.

கூடத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "அப்ப மழையே பெய்யலைன்னா?" ம = 0 போட்டுப் பார்த்தாள். கடன் பூஜ்யம். ஒரு நாள்கூட மழை இல்லாமல், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், இரண்டு பேர் 24 வாரம் மண் மிதித்தால் வெறுங்கையோடு திரும்பலாம். அதற்குமேல் பெய்கிற ஒவ்வொரு மழை வாரத்துக்கும் 4,000 இவர்கள் தலையில். முதலாளியின் நோட்டில் மழை பெய்வதே இல்லை. ஆறு மாதமாக வீட்டில் ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. திருட்டு கூட்டலில் இல்லை, ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கிறது.

வாங்கிய முன்பணத்துக்காகச் சூளையைவிட்டுப் போக முடியாமல் கட்டிப்போடுவதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில், ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. ஆனால் கோட்டாட்சியர் விசாரணையில் நம் மக்களும் இருளர் குடும்பங்களும் "தெரியலைங்கய்யா" என்று நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். கணக்கு தெரிந்தால் கொத்தடிமை முறை ஒழிந்துவிடும் என்று சொல்லவரவில்லை. அந்த அறையில் வாய் திறக்க ஒரு வாக்கியம் கிடைக்கும் என்றுதான் சொல்கிறோம்.

கேட்ட தோழருக்கு ஒரு அமெரிக்கக் கறுப்பினத் தோழரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாப் மோசஸ், 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் அடிபட்டு, சிறைக்குப் போனவர். அங்கே பதிவு அதிகாரி மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வார். எழுதியது சரியா என்பதை அவரே தீர்மானிப்பார். கறுப்பர் எழுதியது பெரும்பாலும் சரியில்லை என்றே முடிவாகும். அதே மோசஸ் 1982இல், மாசசூசெட்ஸில் தன் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை என்று தெரிந்ததும் தானே போய்ச் சொல்லிக் கொடுத்தார். அது 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' என்ற இயக்கமாக வளர்ந்தது. பிள்ளைகளைப் பாதாள ரயிலில் கூட்டிப்போய், எந்தத் திசையில் எத்தனை நிலையம் என்று பார்க்கவைத்துக் குறை எண்ணையும் மிகை எண்ணையும் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வாக்குரிமை எப்படியோ, இன்றைக்குக் கணக்கறிவு அப்படி என்றார் அவர். 2021இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. வாக்குரிமைப் போராளி எக்ஸ் ஒய் சொல்லிக் கொடுக்கப் போனது போராட்டத்தை விட்டுவிட்டு அல்ல.

பத்தாம் வகுப்பில் கணக்குக்கு 35 வராததால் பாலிடெக்னிக்கும் போக முடியாமல், பதினோராம் வகுப்பில் முதல் குரூப்பும் கேட்க முடியாமல், பொங்கல் கழிந்ததும் அப்பாவோடு சூளைக்குப் போன பையன்கள் எங்கள் காலனியில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது அந்த ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தை யாரும் திரும்ப நடத்தினார்களா? நாங்களும் நடத்தவில்லை. அப்போது நாங்கள் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா சமுதாயக் கூடத்துக்கு வந்தார். பலகையில் அழிக்காமல் விட்டிருந்த வரியைப் பார்த்து, "இந்த 'ம' யாருடி?" என்று கேட்டார். அவள் விளக்கினாள். நாங்கள் குறுக்கே பேசவில்லை. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப இந்த வருசம் மழைக்குப் பாதியாவது அவன் ஏத்துக்கணும்னு கேட்டுட்டுத்தான் முன்பணம் வாங்கணும்" என்றார். முதலாளி ஒத்துக்கொள்வாரா என்பது வேறு. அவர் ஒத்துக்கொண்டால் மழை வாரத்துக்கு 2,000தான் ஏறும் என்று மகள் உடனே சொன்னாள். பலகையைப் பார்க்கவில்லை.

இந்தத் தை மாதம் அவளை மட்டும் ஊரில் பாட்டியோடு விட்டுப் போகச் சம்மதம் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்ற இடத்தில் பேச்சு நிற்கிறது. வகுப்பில் அடுத்து இரண்டு மாறிகள் உள்ள சமன்பாடுகள் வருகின்றன. அதை நாங்களே இன்னும் படித்து முடிக்கவில்லை. கணக்கு படித்த தோழர்கள் அந்தப் பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள். சாக்பீஸ் இருக்கிறது.