தெருமுனைத் தொட்டி

மயிலையில் எங்கள் வாசலருகே குப்பைத்தொட்டி வைக்கப்பட்டபோது, "எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று கொதித்தெழுந்தோம். அன்றிரவு செபமாலை முடிந்ததும் பாட்டி மின்விளக்கைக் காட்டி, "இவ்வொளியின் குப்பை யார் வாசலில் கிடக்கிறது?" என்று வினவினார். வாயடைத்துப் போனோம்.

கூடங்குளத்து மின்சாரத்தில் தமிழகத்தார் யாவருக்கும் பங்குண்டு. எரிந்து தீர்ந்த அணு எரிபொருளோ அக்கடலோர ஊர்களின் அருகிலேயே தங்குகிறது. 2011இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய முன்றிலில் திரண்ட மீனவக் குடும்பங்களின் அச்சங்களுள் இதுவும் ஒன்று. அவ்வெரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கிடங்கு குறித்து, 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் நடைபெறவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டமோ ஒத்திவைக்கப்பட்டது.

பின்லாந்தில் ஊர்மன்றம் மறுத்தால் இத்தகைய கிடங்கு அமையாது. யூராயோக்கி ஊர்மன்றம் 2000ஆம் ஆண்டில் வாக்களித்து இசைந்த பின்னரே, 2001இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

"இழப்பீடு கொடுத்தால் போதாதா?" என்றான் இளையவன்.

"நம் தொட்டிக்குப் பணம் தந்திருந்தால் வாளாவிருந்திருப்பாயா? முதலில் கேட்கவேண்டும், மறுக்கவும் உரிமை வேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே" என்றார் பாட்டி.

விளக்கை அணைக்கும்போதெல்லாம் அவர் வினா எங்கள் இல்லத்தில் ஒலிக்கிறது. அன்புக் குடும்பங்களே, உங்கள் இல்லங்களிலும் அது ஒலிக்கட்டும்.