பூனை ஒப்புக்கொண்ட வீடு

கோயமுத்தூரில் முப்பது வருஷம் குடியிருந்த பெரிய வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு ஐப்பசியில், குன்னூர் மலைச்சரிவில் இரண்டே அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட ஓட்டு வீடொன்றுக்கு நான் குடிபெயர்ந்தபோது, என்னோடு வந்த ஆஸ்தி என்று மனமாரச் சொல்லத்தக்கவை கறுப்பி, மணி என்ற இரு பூனைகளும், ஒரு தகரப்பெட்டி நிறைய உல்லன் நூலும், என் விரல்களுக்கு நெடுநாள் பழகிய பத்தாம் நம்பர் பின்னல் ஊசிகள் ஒரு ஜோடியும்தான்.

பால் காய்ச்சிப் பொங்கவிட்ட அன்று காலையிலேயே அடுத்த வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடி, "பூனையை இப்பவே வெளியே விட்டுடாதீங்கம்மா, பழைய எடத்தைத் தேடிப் போயிடும், கொஞ்ச நாள் ஒரே ரூம்ல போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அனுபவம் முதிர்ந்த வார்த்தை அது. நமக்கு வீடு என்பது கண்ணுக்குத் தெரிகிற சுவரும் கூரையும். பூனைக்கோ அது முதலில் ஒரு வாசனை. கன்னத்திலும் மோவாயிலும் உள்ள சுரப்பிகளின் நுண்ணிய கந்தத்தை நாற்காலிக் காலிலும் கதவு நிலையிலும் திரும்பத் திரும்பத் தேய்த்துத்தான் அது ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது. அந்தக் கந்தம் படியாத இடம், எத்தனை சௌகரியமானதாயினும், அதற்கு அந்நிய தேசமே. ஆகையால் பழைய வீட்டில் அவை படுத்திருந்த கம்பளியைத் துவைக்காமல் அப்படியே உள்ளறையில் விரித்துக் கதவைச் சாத்தினேன். கறுப்பி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அன்று முழுதும் சோற்றைத் தொடவில்லை. மணி சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, மூலைக்கு மூலை நின்று முகர்ந்தது.

வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியைப் பற்றிச் சர்ச்சை செய்கையில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொன்னார்கள். குரங்குக் குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ யாதொரு பிரயத்தனமும் இன்றித் தாயின் வாயில் தொங்கிக்கொண்டு கிடக்கும். வடகலையார்க்கு முன்னது, தென்கலையார்க்குப் பின்னது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பாதையில், மூங்கிற்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கூடைக்குள்ளிருந்து எழுந்த தீனமான குரலைக் கேட்டுக்கொண்டு வந்தபோது, இந்த நியாயங்கள் என் நினைவை விட்டு நீங்கவேயில்லை. பூனைகளைத் தூக்கி வந்தவள் நான். ஆனால் விட்டு வந்த வீட்டின் ஒவ்வொரு சன்னலையும் தூணையும் மனத்தால் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தவளும் நான்தான்.

மழை விடவில்லை. 6,000 அடி உயரத்தில் ஐப்பசி மழையும் மேகமூட்டமும் சேர்ந்துகொண்டால் பருத்தித் துணி நாலு நாளானாலும் காயாது. இரவில் உடுத்தும் புடைவைகூடச் சில்லென்று ஒட்டும். ஆட்டு மயிரின் மகிமையை நான் அப்போதுதான் உள்ளபடி உணர்ந்தேன். இயல்பாகவே சுருண்டு வளரும் அம்மயிர் தன் சுருள்களுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்திக் கதகதப்பைக் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும், தொட்டால் நனைந்ததாகத் தோன்றுவதில்லை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் இம்மலைக்கே உரிய நீலகிரி ஆட்டினத்தைப் பேணும் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருக்கிறது. தோடர் குலப் பெண்கள் வரைந்து வைத்த கோடு எதுவுமின்றி, வெள்ளைத் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகச் சித்திரம் தைப்பதும் இம்மலையில்தான். எண்ணிக்கை தவறாத கைகளுக்கு உகந்த ஊர் இது என்று எனக்கொரு ஆறுதல் பிறந்தது.

உள்ளறையில் பூனைகளோடு நானும் அடைந்துகொண்டு, எனக்கென்றே ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை ஆரம்பித்தேன். பின்னலில் முடிச்சென்பது கிடையாது. ஒரு கண்ணியின் வழியாக இன்னொரு கண்ணியை இழுத்துவிடுவதே முழு வித்தையும். முன்புறம் இழுத்தால் நிட், மறுபுறம் இழுத்தால் பர்ல். ஒரு கண்ணி ஊசியை விட்டு நழுவினால் அதன் கீழுள்ளவையெல்லாம் ஏணிப்படிபோல் ஒவ்வொன்றாய் அவிழ்ந்து இறங்கும்; குரோஷா ஊசியால் அடிக் கண்ணியைப் பிடித்து, படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அவசரக்காரருக்கு அது வாய்க்காது. ஒன்பதாம் நாள் இரவு அப்படி ஒரு கண்ணியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்கடியிலிருந்து கறுப்பி வெளிப்பட்டு, என் மடியிலிருந்த பாதி ஸ்வெட்டரின்மேல் ஏறி, பால்குடிக் குட்டி தாயின் மடியைப் பிசைவதுபோல் முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றிப் பிசைந்து, அங்கேயே சுருண்டு படுத்தது. சற்றைக்கெல்லாம் மணி எழுந்து கதவு நிலையில் கன்னத்தை அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தது. அன்றிரவு, வந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக, கோயமுத்தூர் வீட்டை நினையாமல் உறங்கினேன்.

இந்த ஆனந்தத்தினூடே ஒரு பயங்கரமும் நேர்ந்தது. மார்கழியில் ஒரு மாலை, நான் மேசைமேல் மறந்து வைத்த நூற்கண்டின் முனை மணியின் வாயிலிருந்து தொங்கக் கண்டு பதறி, அதை இழுக்கவென்று கை நீட்டி, என்ன காரணத்தாலோ நிறுத்திக்கொண்டு, வெளியே தெரிந்த நூலை மட்டும் கத்தரித்துவிட்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உட்புறம் நோக்கியவையாதலால் வாயில் அகப்பட்ட நூல் உள்ளே போகுமேயன்றி எளிதில் வெளியே வராதென்றும், ஒரு முனை எங்கேனும் சிக்கிக்கொண்டால் குடல் சுருக்குப்பைபோல் மடிந்து சுருங்கிவிடுமென்றும், அந்நிலையில் நூலைப் பிடித்து இழுத்தால் அது குடலையே அறுத்துவிடக்கூடுமென்றும் அவர் விளக்கினார். சஸ்திர சிகிச்சைக்குப் பின் மணி பிழைத்தது.

பூனையும் நூலும் சேர்ந்து வாழும் வீட்டிலிருந்து இதைப் படிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம்: பின்னி முடித்து எழுந்திருக்கும்போது நூலை மூடியுள்ள பெட்டியில் வைத்து மூடுங்கள், வாயில் நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள், அப்போதே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.