துவக்கு மாதிரி ஒன்று

எங்கட வீட்டில் துப்பாக்கி என்ற சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. வாயில் வருவது துவக்கு. அதையும் அம்மா சத்தமாகச் சொல்ல மாட்டா. "அதுகளோட நிக்கிறாங்கள்" என்பா. அதுகள் என்றால் எவை என்று எங்களுக்கு ஐந்து வயதிலேயே விளங்கும். அதனால்தான், போன வருடம் ஒரு கலியாணத்துக்கு லண்டன் போயிருந்தபோது பெரியம்மாவின் மகன், எங்கட அண்ணா, அலுமாரி மேலிருந்து பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை இறக்கித் திறந்து "இதைப் பாருங்கோ" என்றதும் நாங்கள் இரண்டு பேரும், அக்காவும் தம்பியும், ஓரடி பின்னுக்குப் போனோம்.

உள்ளே இருந்தது ஒரு பெரெட்டா. சரியாகச் சொன்னால் பெரெட்டா மாதிரி ஒன்று. உமரெக்ஸ் என்ற ஜேர்மன் கொம்பனி, உண்மையான துவக்குக் கொம்பனிகளிடம் அனுமதி வாங்கி, அவற்றின் பெயரையும் முத்திரையையும் அப்படியே பதித்து இப்படியான காற்றுப் பிஸ்டல்களைச் செய்கிறது. உலோக உடம்பு. கையில் எடுத்தால் பாரம். சுடும்போது மேல்பாகம் பின்னுக்கு வந்து திரும்ப முன்னுக்குப் போகும், அசல் மாதிரியே. அந்த "அசல் மாதிரி"க்குத்தான் காசு. வெறுமனே குறி பார்த்துச் சுட வேண்டுமென்றால் இதைவிட மலிவாகவும் இதைவிடத் திருத்தமாகச் சுடக்கூடியதாகவும் வேறு இருக்காம். அண்ணாவே சொன்னார்.

வேலை செய்கிற விதம் எளிது. பிடிக்குள் 12 கிராம் காபனீரொட்சைட்டு அடைத்த சின்ன உருக்குக் குப்பி ஒன்று போகும். சோடாவில் குமிழி விடுகிற அதே வாயு. விசையை இழுத்தால் ஒரு வால்வு கண் இமைக்கும் நேரம் திறந்து மூட, கொஞ்ச வாயு பாய்ந்து 4.5 மில்லிமீற்றர் உருக்குக் குண்டைத் தள்ளும். வேகம் விநாடிக்கு நூறு மீற்றருக்குக் கிட்ட. சக்தி என்று பார்த்தால் இரண்டு யூல் அளவுதான். ஆளைக் கொல்கிற சாமான் இல்லை, ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். உருக்குக் குண்டு கடினமான எதிலும் பட்டால் திரும்பி வரும், அதனால் கண்ணாடி போடாமல் அண்ணா எங்களைத் தொடவே விடவில்லை.

குளிரில் வாயுவின் அமுக்கம் விழுந்துவிடும், சூடு வெலம் இழக்கும். நாங்கள் போனது சித்திரையில், ஜக்கெட் போடாமல் முற்றத்தில் நிற்க முடியாது. பத்துப் பதினைந்து சூடு கடகடவென்று சுட்டால் குப்பி ஐஸ் மாதிரி குளிர்ந்து பிஸ்டல் சோர்ந்துபோகும். "திருகோணமலை வெயிலுக்கு இது என்ன மாதிரிச் சுடும் தெரியுமா" என்று அண்ணா சிரித்தார். கணக்குச் சரிதான். காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 31 பாகை, எங்கட ஊரில் அது மத்தியானத்துக்கு முன்னமே தாண்டிவிடும். ஆனால் அந்தப் பகிடிக்கு நாங்கள் சிரிக்கவில்லை.

முதலில் ரின்பால் பேணிகள். பழைய கம்பளியைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் ஒரு கார்ட்போட் பெட்டி, பெட்டிக்குள் மூன்று பேணி. எங்களில் மூத்தவள் சுட்ட முதல் ஐந்தும் கம்பளிக்கே போயின. ஆறாவது பேணியில் பட்டு 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? சரியான சந்தோசம். எங்களில் இளையவன் அஜித் ரசிகன். அஜித் 2022இல் திருச்சியில் நடந்த தமிழ்நாடு மாநிலச் சுடும் போட்டியில் பதக்கங்கள் எடுத்தது பற்றி ஒரு சிறு பிரசங்கமே வைத்துவிட்டு, வரிசையாக நாலு பேணியை விழுத்தினான். இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. மூச்சை விட்டு, கையை அசையாமல் வைத்து, விசையை மெல்ல இழுக்கும் அந்த ஒரு கணத்தில் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் என்று ஒரு போட்டியே ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. சுடுவது நல்ல விளையாட்டு. இதை எழுதுவதற்கு எங்களுக்கு வெட்கமில்லை.

கேட்க வேண்டிய கேள்வியைத் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டோம். "அண்ணா, நீங்க ஏன் இதை வாங்கினீங்க?"

ஏன் கேட்டோம் என்றால், அண்ணா ஊரைவிட்டுப் போனதே துவக்கால்தான். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கூடிநின்று கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் இருபது வயதுக்காரர்கள், பல்கலைக்கழகக் கனவில் இருந்த பெடியள். அவர்களே கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுடப்பட்டார். வழக்கில் நிறுத்தப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் சாட்சியம் போதாது என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. அண்ணாவுக்கு அப்போது பதினாறு. அந்தக் கடற்கரையில் கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்கிற வயது. பெரியம்மா தாலிக்கொடியை விற்று அந்த வருடமே அனுப்பிவிட்டா.

அந்தப் பெடியளின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையோடு நின்றதற்கே அந்தக் கதை என்றால், இந்தப் பெரெட்டா மாதிரி ஒன்று இருந்திருந்தால்?

அண்ணா கனநேரம் யோசிக்கவில்லை. "இஞ்ச நான் சுட்டா பேணி விழும். வேற ஒருத்தரும் விழமாட்டினம். ஒருத்தரும் என்னைத் தேடி வரவும் மாட்டினம். அதுக்குத்தான் வாங்கினனான்."

இதை நாங்கள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் வருவார்கள். இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்கு மேல் என்றால் குறைந்த சக்தியுள்ள காற்றுப் பிஸ்டலுக்கு லைசன்ஸ் வேண்டாம். ஸ்கொட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து அதுவும் வேண்டும். ஆனால் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோனால் குற்றம், குண்டு உங்கட காணி எல்லையைத் தாண்டினாலும் குற்றம். அண்ணா சுடத் தொடங்க முன்னம் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். பொலிஸ்காரருக்கும் தூரத்தில் இருந்து பார்த்தால் மாதிரியும் அசலும் ஒன்றுதானே. அமெரிக்காவில் 2014 நவம்பரில் கிளீவ்லாந்துப் பூங்காவில் விளையாட்டுப் பிஸ்டலோடு நின்ற தமீர் ரைஸ் என்ற கறுப்பினச் சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது. பொலிஸ் கார் வந்து நின்று இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். அது விளையாட்டுச் சாமான் என்று காட்டுகிற செம்மஞ்சள் முனை அந்தப் பிஸ்டலில் இருக்கவில்லை. அண்ணாவின் முற்றத்துச் சந்தோசம் எல்லோருக்கும் கிடைக்காது. உங்களைப் பார்க்கிறவர் உங்களை யாரென்று நினைக்கிறார் என்பதில் அது தங்கியிருக்கு.

எங்கட ஊரில் பொழுதுபோக்குக்குச் சுட்ட ஆட்கள் இல்லாமலில்லை. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாமலைத் தீவை வெள்ளைக்காரர் சூட்டுப் பயிற்சிக்குப் பாவித்தார்கள். இப்போது அது தேசியப் பூங்கா, ஆட்கள் பவளப்பாறை பார்க்கப் போகிறார்கள். துறைமுகப் பக்கம் கடற்படையின் பயிற்சிச் சூட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றாலே பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான், மானும் ஆமியும் நிற்கிற பாதை. சுற்றிவரத் துவக்கு. எங்களுக்கு மட்டும் திருவிழாக் கடையில் பிளாஸ்ரிக் துவக்குக்கூட வாங்கித் தந்ததில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலூன் கடைக்குப் போய்விடுவா.

ஆனால் அப்பா செய்து தந்தார். ஒரு சாண் மூங்கில் குழாய், அதற்கு அளவான குச்சி. ஒரு பச்சைக் காயை இறுக்கித் தள்ளி மறு முனையில் நிறுத்தி, இரண்டாவது காயை வைத்துக் குச்சியால் ஓங்கித் தள்ளினால், நடுவில் அகப்பட்ட காற்று நசிந்து முன் காய் 'டப்' என்று பறக்கும். யோசித்துப் பார்த்தால் அதுவும் காற்றுத் துவக்குத்தான், பெரெட்டாவின் அதே தத்துவம். ஒரே வித்தியாசம், அதைப் பார்த்து ஒருவரும் துவக்கு என்று ஏமாற மாட்டார்கள். அப்பா அதை வேணுமென்றே அப்படிச் செய்தாரா, மூங்கில்தான் கையில் கிடைத்ததா என்று கேட்டோம். "உங்களுக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்" என்றார்.

லண்டனில் இருந்து குடும்ப வட்ஸ்அப் குறூப்புக்கு ஒரு படம் அனுப்பினோம். நாங்கள் இரண்டு பேரும், கையில் பெரெட்டாவும், பல்லும். இரண்டு நிமிடத்தில் அம்மாவின் கோல். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. "முதல்ல அதை அழி. எல்லாற்ற போனிலயும் அழிக்கச் சொல்லு." முகநூலில் படம் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பெடியளின் செய்தி எங்களுக்கும் தெரியும். 1979இல் தற்காலிகம் என்று வந்த சட்டம். அது விளையாட்டுச் சாமான், அங்கே சட்டப்படி சரி என்று விளக்கம் சொல்லப் பார்த்தோம். "அதை ஆருக்கு விளங்கப்படுத்தப் போறாய், எந்த மொழியில?" என்று கேட்டா.

அழித்தோம். அண்ணாவும் அழித்தார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.

வரும்போது சூட்காஸில் ஒரு கடதாசி இலக்கு மட்டும் வந்தது. வட்டம் வட்டமாகக் கோடு, எட்டுத் துளை, அதில் இரண்டு நடு வட்டத்துக்குள். கட்டுநாயக்காவில் சூட்காஸைத் திறந்து பார்த்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உடுப்புக்கு மேல் வைத்தார். இப்போது அது எங்கட அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கு. அம்மா கூட்ட வரும்போதெல்லாம் பார்க்கிறா. கழற்றச் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற இரண்டும் யார் சுட்டது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை.