பேய்முகம் யாருடைய முகம்?

அச்சமும் சிரிப்பும் உடன்பிறந்தவை. பேயைக் கண்டு நடுங்கிய மனிதனே பேய்க்கு வேடமிட்டு ஆடவைத்து நகைத்தான். இவ்விரண்டையும் ஒரே கோட்டிற் பிடித்தவை, அமெரிக்காவின் பழைய கார்ட்டூன் படங்கள். 1929இல் டிஸ்னி வெளியிட்ட எலும்புக்கூட்டு நடனப் படத்தையும், 1930களில் பிளெய்ஷர் சகோதரர் படைத்த பெட்டி பூப் படங்களையும் பாருங்கள். கை கால்கள் மூட்டின்றி றப்பர்க் குழாய்போல் நெளியும். உயிரற்ற பொருள்கள் திடீரென முகம் பெற்று முறைக்கும். 2017இல் வெளிவந்த 'கப்ஹெட்' என்னும் கணினி விளையாட்டு இப்பாணியைக் கையால் வரைந்து மீட்டது. சித்திரம் பயிலும் நம் மாணவரும் இன்று இத்தகைய உருவங்களை ஆக்க விழைகின்றனர். நல்லது. ஆனால் அயல்நாட்டுப் படத்தைப் பார்த்துப் பிரதி செய்வது மட்டுமா படைப்பு?

கண்டியில் வாழும் நமக்கு வேறு பள்ளிக்கூடங்கள் உண்டு. மகாவலியின் அக்கரையிலுள்ள தெகல்தொருவக் குகைக் கோயிலுக்கு ஆசிரியரும் மாணவருமாகச் சிலர் சென்றோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவரகம்பொல சில்வத்தென்ன முதலிய ஓவியர் தீட்டியவை அங்குள்ள சித்திரங்கள். சாதகக் கதைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒரே மாந்தர் அடுத்தடுத்துத் தோன்றிக் கதையை நடத்துகின்றனர். செந்நிறப் பின்னணி, நிழலற்ற தட்டை வண்ணம், அழுத்தமான புறக்கோடு: இன்றைய சித்திரக்கதையின் இலக்கணம் முழுவதும் அங்கே இருக்கிறது. விதானத்திலோ, மாரனின் படை புத்தரைச் சூழ்ந்து நிற்கிறது. அப்படையைக் கண்டு அஞ்சுகிறோம். உற்றுப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது.

இதைத் தீட்டியவர் யார்? கண்டியரசில் ஓவியரும் பிற கைவினைஞரும் மானிய நிலத்துக்கு ஈடாக ஊழியம் செய்தவர்கள். அவர்தம் மரபை 1908இல் ஆனந்த குமாரசுவாமி நூலாக்கினார். அரண்மனைக்குக் கட்டுப்பட்ட கைகளே இவ்வுயிர்த்துடிப்பைத் தந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

நகருக்குத் திரும்பி, உல்லாசப் பயணிகளுக்கு முகமூடி விற்கும் கடைகளைப் பார்த்தோம். பிதுங்கிய விழி, கோணிய வாய், துருத்திய பல். இவை பெரும்பாலும் தென்கரையின் அம்பலாங்கொடை மரபைச் சேர்ந்தவை. அம்மரபின் சன்னிச் சடங்கில் நோய்கள் பதினெட்டும் பேயுருவில் வந்து ஆடும். முதலில் நோயாளியை மிரட்டும் பேய், பறையடிப்பவனின் குறும்புக் கேள்விகளுக்கு உளறி நகைப்புக்கிடமாகும். சிரித்த மனிதன் அச்சத்தை வென்றவனாகிறான். எத்துணை நுட்பமான மருத்துவம்!

ஆயினும் அப்பேய்களின் பட்டியல்கள் சிலவற்றில் 'தெமள சன்னி' என்றொன்றும் உண்டு. 'தெமள' என்றால் தமிழ். "நோய்க்கு ஏன் ஐயா நம் பெயர்?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் இது சிங்கள மக்களின் குறை மட்டுமன்று. மாற்றாரை அரக்கராக்கும் வழக்கம் நம் கதைகளிலும் உண்டு. 1934இல் வந்த யப்பானியக் கார்ட்டூன் ஒன்றில், மிக்கி மவுஸை ஒத்த எலிகள் ஒரு தீவைத் தாக்கும் பகைவராக வந்தன. அமெரிக்கக் கார்ட்டூன்களின் வெள்ளைக் கையுறையும் அகன்ற வாயும், கறுப்பின மக்களை இழிவுசெய்த மேடைக் கூத்தின் எச்சம் என்று ஆய்வாளர் காட்டுகின்றனர். பேய்முகம் வரைபவன், யாரைப் பார்த்து மக்கள் அஞ்ச வேண்டும் என்றும் தீர்ப்பளிக்கிறான்.

ஆகவே இளைய ஓவியர்களே, கோட்டைத் தெகல்தொருவவிடம் கற்போம். நகைப்பைச் சன்னியாட்டத்திடம் கற்போம். முகத்தை மட்டும் நாமே தேடுவோம். அதைத் தேடத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கண்டியைச் சுற்றிலும் தேயிலை மலைகள். கொழுந்தை நிறுக்கும் தராசுக்கு ஒரு வாய் வரையுங்கள். கடனை எழுதித் தொழிலாளியைக் கட்டிப்போட்டு, 1921இல் ஒழிந்த துண்டுச் சீட்டுக்கு நீண்ட நாக்கு வையுங்கள். மழைக்காலத்து அட்டைக்குத் துரையின் தொப்பியை மாட்டுங்கள். 1948இல் மலையக மக்களைக் குடியுரிமையற்றவராக்கிய சட்டத்தின் பேனாவுக்கு இமையாத விழிகள் இரண்டு கொடுங்கள். அவ்வுருவங்களைக் கண்டு தமிழ்ச் சிறுவனும் சிங்களச் சிறுவனும் ஒருங்கே அஞ்சட்டும். பின் ஒருங்கே நகைக்கட்டும்.