சாரலில் 5,000 மீட்டர்

தென்காசி கோயில் வாசலில் ஆனி மாதக் காற்று ஆளையே தள்ளும். அங்கிருந்து மேலகரம் தாண்டி, சாரலில் நனைந்தபடி குற்றாலத்துக்கு நடந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மூத்தோர் தடகளத்தில் ஒரு நடைப்போட்டியின் தூரமும் 5,000 மீட்டர்தான்!

35 வயதானால் சேரலாம். ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள். 70 வயதுத் தாத்தாவுக்கு 74 வரையுள்ளவர்களே எதிராளி. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கணும். ஓடினால் அவுட்.

'இந்த வயசுல போட்டியா?' என்பவர்களுக்குப் பஞ்சாபின் மன் கௌர் பாட்டி பதிலாக இருந்தார். 93 வயதில் ஓடத் தொடங்கியவர். 2017இல் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில், 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் முடித்தார். அந்தப் பிரிவில் கூட ஓட ஆளே இல்லை. ஆனாலும் தங்கம் தங்கம்தானே!

முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, விடியற்காலையில் கிளம்பலாம். மெயின் அருவியில் குளித்துவிட்டுத் திரும்ப, பஸ் இருக்கிறது.