வார்னிஷ் வாடை



சிலருக்கு மல்லிகை மணம் சொந்த ஊரை நினைவூட்டும்; சிலருக்கு மழை பெய்த மண்ணின் மணம். எனக்கு ஊரை நினைவூட்டுவது வார்னிஷ் வாடை. கோயம்புத்தூரில் என் தந்தையார் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வயல்களிலிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வரும். கருகிய கம்பியை அகற்றிப் புதிய செம்புக் கம்பி சுற்றுவார். வார்னிஷில் முக்கி எடுப்பார். பெரிய பல்புகள் எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்து உலர்த்துவார். அந்த வாடையிலேதான் நான் வாய்ப்பாடு படித்தேன். மாலையானால் அப்பாவுக்குத் தலை சுற்றும். "வேலை அலுப்பு" என்பார் அம்மா. நாங்களும் அப்படியே நம்பினோம்.

வேதியியல் முதுகலை படிக்கப் பெங்களூர் வந்த பிறகே அந்த நம்பிக்கை உடைந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த வார்னிஷில் 10 கிராமை ஒரு தட்டில் ஊற்றி, ஆய்வுக்கூட அடுப்பில் உலர்த்தி, மீண்டும் எடை போட்டேன். 5 கிராமுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. மீதி எங்கே போயிற்று? காற்றோடு போயிற்று. அப்பாவின் கடையிலோ, அது காற்றோடு மட்டுமா போயிற்று?

கம்பிக்குக் காப்பாக அமைவது பிசின். அது கெட்டியானது, கம்பிச் சுற்றுகளின் இடுக்குகளில் தானாகப் புகாது. ஆகவே சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்து இளக்குகிறார்கள். பிசினை உள்ளே சேர்த்தவுடன் கரைப்பானின் வேலை முடிந்தது, ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஆவிதான் நான் ஊரின் மணம் என்று எண்ணியிருந்தது! தலைவலியும் தலைச்சுற்றலும் தருவது அதுவே. கரைப்பான் போன வழியெல்லாம் நுண்ணிய வெற்றிடங்களும் எஞ்சுகின்றன. அங்கே ஈரம் தங்கும். கம்பியின் சூடு எளிதில் வெளியேறாது. உயர் மின்னழுத்தக் கருவிகளிலோ, அவ்வெற்றிடங்களில் சிறு பொறிகள் தோன்றிக் காப்பையே அரிக்கத் தொடங்கும். தொழிலாளிக்கும் கேடு, கருவிக்கும் கேடு.

இதற்கு மாற்று உண்டு. கரைப்பானுக்குப் பதிலாக ஸ்டைரீனைப் பிசினோடு கலந்தார்கள். அது பிசினை இளக்குவதோடு, சூட்டில் பிசினோடு பிணைந்து தானும் கெட்டிப்படும். ஆயினும் பிணையும் முன்னரே ஒரு பகுதி பறந்துவிடுகிறது. அந்த ஸ்டைரீனை 2018-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அதனால் எளிதில் ஆவியாகாத, கனமான மூலக்கூறுகளை அதன் இடத்தில் வைக்கிறார்கள். எப்பாக்சி வகைகளும் இருக்கின்றன. இவையே குறைந்த ஆவி விடும் பிசின்கள். ஊற்றியதில் பெரும்பகுதி கம்பியிலேயே நிற்கும்.

பெரிய ஆலைகளுக்கு இது இயலும். வெற்றிடக் கலன் உண்டு. நல்ல அடுப்பு உண்டு. மின்கருவிகளைச் சோதித்துச் சான்று தர, 1960-இல் தோன்றிய மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் இதே பெங்களூரில் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு நாலைந்து மோட்டார் கட்டும் கடைக்காரர் என்ன செய்வார்? தொட்டி நிறையப் பிசின் ஊற்றி வைத்தால், வேலை வருமுன் அது இறுகிப் பாழாகும்.

சென்ற பொங்கல் விடுமுறையில், இரண்டு பாகமாக வரும் எப்பாக்சி டின் ஒன்றை ஊருக்கு எடுத்துச் சென்றேன். வேண்டிய அளவு மட்டும் கலந்து, சூடேற்றிய காயிலின் மேல் துளித்துளியாக ஊற்றும் முறை இது. தொட்டி தேவையில்லை, பல்புப் பெட்டியின் சூடே போதும். வாடை இல்லையென்று அசட்டையாக இருக்கலாகாது. தோலில் பட்டால் அரிக்கும். அப்பாவுக்குக் கையுறை மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்ததும் அப்பா வழக்கம்போலக் குனிந்து முகர்ந்தார்.

"வாடையே காணோமே கண்ணு! காஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"நகத்தால கீறிப் பாருங்கப்பா."

கீறினார், நகம் இறங்கவில்லை. மெக்கர் வைத்துப் பார்த்தார். முள் நன்றாகவே காட்டியது. பிறகு டின்னின் விலையைக் கேட்டார். சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை.

"பழைய வார்னிஷுல பாதி காத்துல போகுதுன்னு சொன்னியே, அதைக் கழிச்சுக் கணக்குப் போடு" என்றார். போட்டோம். அப்போதும் புதியதுதான் விலை கூடுதல். "தோட்டத்துக்காரங்க இந்தக் கூலி குடுப்பாங்களா கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அப்பாவின் தலைச்சுற்றலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

தோழர்களே! பீனியாவின் தெருக்களிலும் இத்தகைய கடைகள் உண்டு. தமிழும் கன்னடமும் பேசும் எத்தனையோ கைகள் அங்கே வார்னிஷில் நனைகின்றன. நாம் ஆய்வுக்கூடத்தில் பிசினின் வலிமையை அளக்கிறோம். வெப்பம் தாங்கும் திறனை அளக்கிறோம். அதன் விலையையும், அதை ஊற்றுகிறவரின் மூச்சையும் சேர்த்து அளப்போமா? என் ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே: பல்புப் பெட்டியில் காயும், சிறு கடைக்குக் கட்டுபடியாகும் பிசின். வெற்றி பெறுவேனா, அறியேன். அடுத்த பொங்கலுக்கு ஊர் போகையில், கடை வாசலில் அந்தப் பழைய வாடை என்னை வரவேற்காமல் இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.